பால் ஏன் உறையவில்லை? கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவனாக இருந்த ஆண்டுகளில் மாடும் கோழியும் வளர்ப்பவர்களும், பாலும் முட்டையும் வாங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரே வரியில் பதில் உண்டு. சிலவற்றுக்குக் கதை சொல்லியாக வேண்டும்.

ஊசி போட்ட மாட்டின் பாலில் தயிர் உறையவில்லை. பால் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாலில் பெருகி அதைப் புளிக்கவைத்தால்தான் தயிர் கிடைக்கும். பாலில் ஆன்டிபயாடிக் கலந்திருந்தால், இது மடியைக் கெடுக்கும் கிருமி, இது தயிராக்கும் கிருமி என்று அது தரம் பிரிப்பதில்லை. இரண்டையும் முடக்கிவிடும்.

ஒரு முறை ஓர் அம்மாள், முந்தைய இரவு உறை ஊற்றிய பாலை அப்படியே தூக்குப்போசியில் மருந்தகத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். காலை பத்து மணிக்கும் அது தண்ணீராகத்தான் ஆடியது. மடிவீக்கத்துக்காக இடது பின்காம்பில் டியூப் மருந்து ஏற்றியிருந்தார்கள். அந்தக் காம்பின் பாலைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, மற்ற மூன்று காம்புகளின் பாலை வீட்டுக்கும் பால் சங்கத்துக்கும் எடுத்திருக்கிறார். ஒரு காம்பின் பால் இன்னொரு காம்புக்குப் போகாது என்று அவர் நினைத்தது சரிதான். ஆனால் மருந்து போகும். மடியிலிருந்து ரத்தத்தில் இறங்கி, ரத்தத்தின் வழியே மற்ற மூன்றுக்கும் வந்து சேரும். டியூப் அட்டையில் எழுதியிருக்கும் நாட்கள் முடியும்வரை நான்கு காம்புகளின் பாலையும் தள்ளிவைக்க வேண்டும்.

தள்ளிவைத்த பாலைக் கன்றுக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. வீணாக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் கன்றின் குடலில் மருந்தைத் தாங்கும் கிருமிகளை வளர்க்க அதைவிட எளிய வழி இல்லை.

சங்கத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். தயிர் உறையாத அதே தத்துவம்தான் சோதனை. சிறு குப்பியில் ஊதா நிறக் கூழ் இருக்கும். வெப்பத்தை விரும்பும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அதில் உறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பாலை விட்டு ஏறக்குறைய 64 டிகிரிச் சூட்டில் மூன்று மணி நேரம்போல வைத்தால், சுத்தமான பாலில் கிருமி வளர்ந்து கூழ் மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். ஒருவருடைய கேன் மொத்தத் தொட்டியிலும் கலந்துவிடும் என்பதால், தனிக் கேனிலேயே சோதிப்பதுதான் நியாயம். செலவைச் சொல்லிப் பல இடங்களில் அதைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

காய்ச்சினால், வேகவைத்தால் மருந்து போய்விடாதா?

கிருமி சாகும். மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். டெட்ராசைக்ளின் போன்றவை சூட்டில் ஓரளவு சிதையும் என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. நன்றாக வெந்த கறியில் உயிருள்ள கிருமி இராது. ஆனால் பச்சைக் கறியை நறுக்கிய பலகையிலேயே வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் நறுக்கினால் வேகவைத்துப் பயன் என்ன?

பிரச்சினை மருந்தின் எச்சமா, கிருமியின் எதிர்ப்பா? இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்களே.

இரண்டும் வேறு. எச்சம் என்பது பாலிலும் கறியிலும் முட்டையிலும் மீந்திருக்கும் மருந்து. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அது தொல்லை தரலாம். காத்திருக்க வேண்டிய நாட்கள் காத்திருந்தால் எச்சம் அளவுக்குள் அடங்கிவிடும்.

எதிர்ப்பு அப்படி அடங்குவதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு ஏற்கெனவே மருந்தைத் தாங்கும் தன்மையோடு இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றதும் இடமும் தீனியும் மிச்சமானவற்றுக்குத்தான். போதாக்குறைக்கு, பாக்டீரியாக்கள் தங்கள் எதிர்ப்பு மரபணுவைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுப்போவதில்லை. மதில்மேல் குழம்புக் கிண்ணத்தை நீட்டுவதுபோலப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும். பிளாஸ்மிட் எனப்படும் சிறு டிஎன்ஏ வளையம்தான் அந்தக் கிண்ணம். ஒரே வளையத்தில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு அடங்கியிருக்கலாம். கோழியின் குடலில் எந்தத் தீங்கும் செய்யாமல் இருக்கும் ஒரு கிருமி, மனிதனைக் கொல்லக்கூடிய இன்னொன்றுக்கு அதைக் கொடுத்துவிட முடியும்.

கோழிக்குக் கொடுத்த மருந்தால் மனிதனின் உடலில் மாற்றம் வந்ததை யாராவது காட்டியிருக்கிறார்களா, அல்லது எல்லாம் ஊகமா?

காட்டியிருக்கிறார்கள், அதுவும் அரை நூற்றாண்டுக்கு முன்பே. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ ஆய்வாளர் 300 குஞ்சுகளை இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சாதாரணத் தீவனம், மறுபாதிக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின் சிறிதளவு கலந்த தீவனம். இரண்டு வாரங்களுக்குள் மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடல்கிருமிகள் பெரும்பாலும் டெட்ராசைக்ளினைத் தாங்கத் தொடங்கிவிட்டன. சில மாதங்களில் அந்தக் கோழிகளுக்குக் கொடுக்கவே கொடுக்காத மருந்துகளையும் தாங்கின. ஐந்தாறு மாதங்களில் பண்ணை வீட்டாரின் மலத்திலும் அத்தகைய கிருமிகள் பெருகியிருந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் அப்படி இல்லை. 1976இல் இது வெளியானது. தீவனத்தில் கலந்தது சிறிதளவுதானே என்று இன்றும் சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த 300 குஞ்சுகளின் கதையைத்தான்.

இன்னொன்று டென்மார்க். அங்கே கோழிக்கும் பன்றிக்கும் எடை ஏற அவோபார்சின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தார்கள். மருத்துவமனைகளில் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருந்த வான்கோமைசினுக்கு அது மிக நெருங்கிய உறவு. 1995இல் டென்மார்க் அதைத் தடை செய்தது. கறிக்கோழிகளில் எடுத்த என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற குடல்கிருமிகளில் வான்கோமைசின் வகையைத் தாங்குபவை அந்த ஆண்டில் 73 சதவீதம், 2000ஆம் ஆண்டில் 6 சதவீதம். பன்றிகளில் மட்டும் எண்ணிக்கை இறங்காமல் முரண்டு பிடித்தது. ஆராய்ந்தால், அந்த எதிர்ப்பு மரபணுவும், பன்றிகளுக்குக் கொடுத்துவந்த டைலோசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் வகைக்கான எதிர்ப்பும் ஒரே பிளாஸ்மிட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. டைலோசின் கொடுக்கக் கொடுக்க மற்றதும் கூடவே வாழ்ந்தது. டைலோசினை எடை ஏற்றக் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் பன்றிகளிலும் குறைந்தது. ஒரு மருந்தைத் தடை செய்துவிட்டுக் கைகழுவ முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

நோயே இல்லாத கோழிக்கு மருந்து கொடுக்கும் யோசனை யாருக்கு, எப்படி வந்தது?

தற்செயலாக வந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸ் என்பவர், குஞ்சுகளுக்கு பி12 வைட்டமின் மலிவாக எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார். குளோர்டெட்ராசைக்ளின் தயாரித்தபின் மீந்த கசண்டைக் கொடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை போட்டன. அதற்குக் காரணம் பி12 மட்டும் அல்ல, கசண்டில் ஒட்டியிருந்த மருந்து. அடுத்த சில ஆண்டுகளில் அது உலகெங்கும் தீவன மூட்டைக்குள் புகுந்துவிட்டது.

எச்சரிக்கையும் வந்தது. 1969இல் பிரிட்டனில் அரசு அமைத்த ஸ்வான் குழு, மனிதருக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளை எடை ஏற்றுவதற்காகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்றது. ஐரோப்பிய ஒன்றியம் எடை ஏற்றுவதற்கான எல்லா ஆன்டிபயாடிக்குகளையும் 2006 ஜனவரி 1 முதல் நிறுத்தியது. சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே 37 ஆண்டுகள்.

கொலிஸ்டின் தடை என்றார்களே, அது என்ன?

கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் 1970களில் மனித மருத்துவத்தில் ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்டது. மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்கத் தோற்க, தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் வேறு வழியில்லாமல் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதே காலத்தில் பண்ணைகளில் அது தாராளமாகத் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிலும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டதாக அறிவித்தார்கள். கொலிஸ்டினைத் தாங்கும் அந்தத் தன்மை பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருந்தது, அதாவது கைமாறத் தயாராக. பிறகு தேடியபோது பல நாடுகளில் அது கிடைத்தது.

இந்தியா 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன், இறால், தீவனக் கலவை ஆகியவற்றுக்குக் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. நல்ல முடிவு. அதுவரை ஐசியூவில் ஊசிமுனையில் அளந்து கொடுத்த மருந்து, இந்தப் பக்கம் கோழித் தீவனத்தில் மூட்டைக் கணக்கில் கரைந்துகொண்டிருந்தது.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

இல்லை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ தாண்டுவது பல தலைமுறைத் தேர்வினத்தாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான குஞ்சுகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் தினமும் ஊசி போட ஆளுக்கு எங்கே போவது? கூலியிலேயே பண்ணை மூழ்கிவிடும். இல்லாத ஹார்மோனைப் பற்றி ஊரே பேசுவதால் இருக்கிற ஆன்டிபயாடிக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நாட்டுக்கோழி வாங்கினால் கவலை இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. புறக்கடையில் கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், மருந்துக்கடையில் மனிதருக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையை வாங்கி, பொடியைச் சோற்றில் பிசைந்து உருட்டிக் கொடுப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த நோய் பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். அது வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க வேண்டியது தடுப்பூசி: குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, பிறகு எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. மாத்திரைக்குச் செலவழித்த பணத்தில் தெருவுக்கே சொட்டு மருந்து போட்டிருக்கலாம்.

மாட்டுக்கு வரும் கோமாரியும், பெரியம்மை எனப்படும் தோல் கழலை நோயும், ஆட்டுக்கு வரும் ஆட்டுக்கொல்லி நோயும் வைரஸ்தான். அவற்றின் புண்ணில் பாக்டீரியா சேர்ந்துகொண்டால் மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுப்பார். அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பைநோய் ஆகியவை பாக்டீரியா. கோழியின் ரத்தக்கழிச்சல் இரண்டும் அல்ல, ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. எது எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்பதுதான் நம் பழக்கம்.

மூன்று நாள் ஊசி என்றார் டாக்டர். இரண்டாம் நாளே மாடு அசைபோடுகிறது. நிறுத்தலாமா?

அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அதைவிடப் பெரிய தவறு வேறொன்று, அளவு. பெரும்பாலானவர்கள் மாட்டின் எடையைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்கிறார்கள். குறைத்து மதிப்பிட்டால் மருந்து அரைகுறையாகும், கிருமிக்குப் பயிற்சி கொடுத்ததாகும். தையல் அளவுநாடா போதும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660ஆல் வகுங்கள். சுற்றளவு 66, நீளம் 56 என்றால் ஏறக்குறைய 370 கிலோ வரும். அந்த மாட்டை 250 கிலோ என்று சொல்லி மருந்து வாங்கிவந்தவரை எனக்குத் தெரியும்.

நான் ஒப்பந்தப் பண்ணை வைத்திருக்கிறேன். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம்தான் தருகிறது. நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் கையில் இருப்பது குறைவு என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். ஷெட்டும் கரண்டும் உழைப்பும் உங்களுடையவை. கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீவனச் சாக்கில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால், "நல்லதுதான் சார்" என்று மேற்பார்வையாளர் சிரித்துவிட்டுப் போவார். பல்லடம் பக்கமானாலும் வேறு எந்தப் பக்கமானாலும் இதுதான் நிலைமை. ஆகவே, விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்று கூட்டம்போட்டுப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இருந்தாலும் மூன்று காரியங்கள் செய்யலாம். தண்ணீர்த் தொட்டியில் கரைக்கச் சொல்லும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலுறையையும் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோழி ஏற்றும் நாளுக்கு முன் கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கூளத்தை ஈரமில்லாமல் கிளறிவிடுங்கள். ஈரக் கூளமும் அம்மோனியா நெடியும் இருக்கும் ஷெட்டில்தான் மருந்தின் தேவையே பிறக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கால்நடை மருந்தின் மேலுறையில் காத்திருப்புக் காலத்தை அச்சிட வேண்டும் என்று 2012இல் மருந்து விதிகளில் திருத்தம் வந்தது. அந்த மருந்துக்கு உறுதிசெய்த காலம் இல்லையென்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். முட்டைக்கோழி நாள்தோறும் இடும். நாமக்கல்லில் ஒரு கொட்டகை முட்டையை ஏழு நாள் ஒதுக்கிவைப்பது எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட்டால், இந்த விதி எவ்வளவு தூரம் பின்பற்றப்படும் என்று நீங்களே ஊகிக்கலாம். குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் வகை மருந்துகளை உணவு விலங்குகளுக்காக விற்பதை 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு தடை செய்தது. 2025 ஏப்ரல் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கடுமையான விதிகளும் நடைமுறைக்கு வந்தன.

ஏட்டில் குறையில்லை. வெளிநாட்டுக்குப் போகும் இறாலைப் பாருங்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய இறால் சரக்குகளில் பாதியைப் பிரித்துச் சோதிக்கத் தொடங்கியது. வாங்குபவன் சோதிக்கிறான், அதனால் விற்பவன் கவனமாக இருக்கிறான். உள்ளூர்க் கறிக்கடைக்கு வரும் கோழியை யார் சோதிக்கிறார்கள்?

மடிவீக்கத்துக்குக் கற்றாழை வைத்தியம் உண்மையிலேயே கேட்குமா?

ஆரம்பக் கட்டத்தில் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் விழுது சிவந்து வரும். மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள். தினமும் புதிதாக அரைக்க வேண்டும். பத்து முறை பூச வீட்டில் ஆள் வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் ஒரே கடினம்; பெரும்பாலும் அந்த ஆள் வீட்டுப் பெண்தான். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ தீனி எடுக்காவிட்டாலோ மடி கல்லாக இறுகிப் பாலில் ரத்தம் வந்தாலோ கற்றாழையோடு நேரத்தைப் போக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருந்தைக் குறைத்தால் நஷ்டம்தானே வரும்?

வேறொன்றும் செய்யாமல் மருந்தை மட்டும் எடுத்தால் வரும். நார்வேயின் சால்மன் மீன் பண்ணைகள் 1987இல் ஏறக்குறைய 48 டன் ஆன்டிபயாடிக்கைக் கொட்டின. பிறகு மீனுக்கு மீன் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இன்று பத்து லட்சம் டன்னுக்குமேல் மீன் விளைவிக்கிறார்கள், மருந்து ஒரு டன்னுக்கும் கீழே. கோழிக்குத் தடுப்பூசி போட ஆளில்லை என்பவர்கள் மீனைப் பிடித்து ஊசி போட்ட கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கோழி எருவை வயலில் போடலாமா?

மக்கவைத்துப் போடுங்கள். கொடுத்த மருந்தில் கணிசமான பங்கு கோழியின் கழிவோடு அப்படியே வெளியே வந்துவிடும். குவியல் நன்றாகச் சூடேறி மக்கினால் கிருமிகளும் மருந்தும் பெருமளவு குறையும். பச்சை எருவைக் கீரைப் பாத்தியில் போடவே வேண்டாம்.

"ஆன்டிபயாடிக் இல்லாதது" என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, நம்பலாமா?

எந்தச் சோதனைக்கூடம், எந்த மாதம், எச்சம் இல்லை என்கிறார்களா அல்லது வளர்ப்பில் கொடுக்கவே இல்லை என்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நோய்ப்பட்ட கோழிக்கு லேபிளுக்காக மருந்து மறுப்பதும் எனக்கு ஏற்புடையதில்லை.

பாதி மீந்த ஊசிப் புட்டியை என்ன செய்வது? அடுத்த முறைக்கு ஆகுமே.

அடுத்த முறை வரும் நோய் அதே நோயாக இருக்காது. துளையிட்ட ரப்பர் மூடி வழியாக எறவாணத்தில் செருகிய புட்டிக்குள் என்னென்னவோ போயிருக்கும். சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் ஊற்றாதீர்கள், ஏரியில் இருக்கும் கிருமிகளுக்கும் அது போய்ச்சேரும். அடுத்த முறை மருந்தகத்துக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். அந்தத் தூக்குப்போசி அம்மாள் இப்படித்தான் ஒரு பொங்கலுக்கு முன் வீட்டை வெள்ளையடிக்கும்போது கிடைத்ததாகச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் கூடை நிறையக் கொண்டுவந்தார். பதினேழு புட்டிகள். இரண்டு அவருடைய மாமனார் காலத்தவை.